தாச்சி முன் நின்று எதைக் கேட்பது?

பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் பொழுது சாய்ந்ததும் ‘சைனீஸ் ரைஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளில் காஸ் அடுப்பு இரையத் தொடங்குகிறது. ஓடர் கொடுக்க வருகிறவர்களில் பலர் அதிகம் பேசுவதில்லை. எக் ரைஸ் ஒன்று, சிக்கன் ரைஸ் இரண்டு, பார்சல், அவ்வளவுதான். உடம்பில் கவனமுள்ளவர் மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வார்: “அண்ணே, அஜினமோட்டோ போடாதீங்க.” தாச்சி பிடிப்பவரும் தலையாட்டிவிட்டு அந்த வெள்ளைத்தூள் டப்பாவைத் தொடாமல், குறையும் ருசிக்கு ஈடாக உப்பையும் சோயா சோஸையும் இன்னொரு வீச்சுப் போட்டு இறக்கிவைப்பார். வாங்கியவருக்குத் திருப்தி, விற்றவருக்கும் நட்டமில்லை. இந்தச் சிறு கொடுக்கல் வாங்கலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேட்டால் தாச்சிக்காரர் செய்து தருகிறார். அந்தச் சலுகையைத்தான் நாம் தவறான இடத்தில் செலவழிக்கிறோம்.

அந்தத் தூளைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். 1908-இல் தோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர், கொம்பு என்னும் கடற்பாசி வெந்த நீருக்குச் சுவை எதனால் வருகிறது என்று தேடிப்போய், அந்தத் தூளுக்கு அடிப்படையான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். தக்காளியில் அது இயல்பாகவே உண்டு, தாய்ப்பாலிலும் உண்டு. 1968-இல் ரொபர்ட் ஹோ மன் குவோக் என்ற மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்டால் தமக்குப் பிடரி மரத்து நெஞ்சு படபடக்கிறது என்று அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’க்கு ஒரு கடிதம் எழுதினார். சோயா சோஸா, சமையலில் சேரும் மதுவா, உப்பா, இந்தத் தூளா என்று அவர் சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். உலகம் தூளை மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு நடந்த ஆய்வுகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்காகத் திரட்டிப் பார்த்தவர்கள் 1995-இல் சொன்னது இது: வேறு உணவு எதுவும் இல்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் சிலருக்குச் சிறிது நேரத்துக்குத் தலைவலி, மரத்தல் போன்றவை வரலாம், சாதாரணமாக ஒரு வேளை உணவில் சேர்வது அரைக் கிராமுக்கும் குறைவு. தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அனுபவத்தில் அறிந்தவர் வேண்டாமென்று சொல்வது நியாயம். மற்றவர்கள் அதை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் உப்பை வாங்கிக்கொண்டால், அது இலாபமில்லாத வியாபாரம். ஒரே எடைக்கு அந்தத் தூளில் இருக்கும் சோடியம், சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றிலொரு பங்குதான்.

அப்படியானால் தட்டில் இருப்பவற்றில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? சோறு தாச்சியில் விழும் வரிசையைக் கொஞ்சம் அருகில் நின்று கவனித்தால் போதும். காய்ந்த தாச்சியில் முதலில் ஒரு கரண்டி எண்ணெய். முட்டை உடைத்து ஊற்றிக் கலைத்ததும், பொடியாக அரிந்த கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஒரு கைப்பிடி. பிறகு, காலையிலேயே வடித்து ஆறவைத்த சோறு, பெரிய கிண்ணத்தால் அள்ளி ஒன்று, இரண்டு. சோறு ஒட்டாமலிருக்க விளிம்பைச் சுற்றி மறுபடி எண்ணெய். விரல் நுனியால் உப்பு, தூள், மிளகு. போத்தலைக் கவிழ்த்துச் சோயா சோஸ். நான்கு புரட்டு, தட்டிலோ லஞ்ச் ஷீட்டிலோ கொட்டல். மேலே கோழித்துண்டு நாலைந்து, ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் சில்லி பேஸ்ட். மூன்று நிமிட வேலை. இதில் மரக்கறி வெறும் அலங்காரம், கோழி விலாசம் சொல்வதற்கு, மீதியெல்லாம் சோறு. ‘ரைஸ்’ என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருப்பது பொருத்தம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. ஒரு தட்டில் அரைக் கிலோ சோறு இருந்தால் 650 ஆயிற்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. மூன்று கரண்டி விழுந்திருந்தால் 360. கோழியை எண்ணுவதற்கு முன்பே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. உப்புக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு; இலங்கையர் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராமுக்குக் குறையாது. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பாகச் சொன்னால் இரண்டேகால் கிராம். இரண்டு கரண்டி சோயாவும், தனியாகப் போட்ட உப்பும், கோழியில் ஊறிய உப்பும், சில்லி பேஸ்ட்டில் உள்ளதும் சேர்ந்தால் ஒரு நாள் அளவு ஒரே வேளையில் தீர்ந்துபோகும். பிரஷர் உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. சிறுநீரக நோய்க்குப் பெயர்போன கிராந்துருகோட்டையும் இந்தப் பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த ஒரு தட்டு கால்வீக்கமாகவே திரும்பி வரலாம்.

சோற்றைப் பற்றிச் சொன்னால் நம்மவர்க்குக் கோபம் வரும். சோறு சாப்பிட்டுத்தானே நம் பாட்டன்மார் வாழ்ந்தார்கள் என்பார்கள். வாழ்ந்தார்கள், ஆனால் எண்ணெயில் புரட்டிய அரைக் கிலோ சோற்றை இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவில்லை. இலங்கையில் 2018–2019-இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வு, வயதுவந்தோரில் ஏறக்குறைய 23 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். 21 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து, சென்னை ஆய்வாளர்களும் பங்கேற்று 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டது. மற்ற எல்லாப் பகுதிகளையும்விடத் தெற்காசியாவில்தான் நீரிழிவு வரும் அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஆய்வு சோறுதான் காரணம் என்று நிரூபித்துவிடாது, தொடர்பைத்தான் காட்டும். ஆனாலும் 450 கிராம் என்ற அந்த எல்லை, கடையில் ஒருவர் ஒரே மூச்சில் முடிக்கும் தட்டின் அளவு. காலையில் தின்ற ரொட்டியும் பகல் சோறும் இதில் சேராது.

தோட்டத்து மக்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 32 வீதம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய ஊட்டம் கிடைக்காத உடம்பு, இருப்பதைக் கொண்டு பிழைக்கப் பழகிவிடுகிறது. அதே உடம்புக்குப் பிற்காலத்தில் திடீரென்று சோறும் எண்ணெயும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட எளிதில் பிடிக்கும் என்பது டேவிட் பார்க்கர் என்ற பிரித்தானிய மருத்துவர் தொடங்கிவைத்து இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. லயத்தில் மெலிந்து வளர்ந்த பையன் பதுளை டவுனில் கடைவேலைக்கு வந்து, நாலு மாதத்தில் கன்னம் உப்புவதை வீட்டார் சந்தோஷமாகப் பார்க்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் பிழையில்லை, ஆனால் வயிறும் சேர்ந்து உப்பினால் யோசிக்க வேண்டும்.

ஆங்கிலப் புத்தகங்களில் வரும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 1993-இல் பொதுநல அறிவியல் மையம் என்ற நுகர்வோர் அமைப்பு, சீன உணவகத் தட்டுகளை ஆய்வுகூடத்தில் சோதித்து, அவற்றில் எண்ணெயும் உப்பும் மலைக்க வைக்கும் அளவு இருப்பதாக அறிவித்துப் பரபரப்பை உண்டாக்கியது. வெறும் வெள்ளைச் சோற்றைக் கூடுதலாக எடுத்து இறைச்சிக்குழம்பைக் குறையுங்கள், சீனர்கள் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. அங்கே தட்டு நிறைய இறைச்சியும் சோஸும், பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் சோறு. அவர்களுக்கு அது சரி. இங்கே நிலைமை தலைகீழ். நம் தட்டில் சோறுதான் மலை, மற்றதெல்லாம் மலையில் முளைத்த புல். அவர்கள் சோற்றைக் கூட்டச் சொன்னார்களென்றால் நாம் குறைக்கத்தான் வேண்டும்.

இத்தனையும் சொன்னபிறகு, ஆகவே சைனீஸ் கடைப் பக்கமே போகாதீர்கள் என்று முடிப்பது சுலபம். நியாயமில்லை. பஜாரில் கிடைக்கும் சமையல்களில் மரக்கறிக்கு மிக உகந்தது இந்தச் சீனத் தாச்சி முறைதான். பெரிய தீயில், கொஞ்சம் எண்ணெயில், இரண்டு நிமிடம் புரட்டி இறக்கினால் கோவாவும் போஞ்சியும் கறிமிளகாயும் நிறம் மாறாமல், கடிபடும் பதத்தில், சத்து அதிகம் போகாமல் வரும். காலை பத்து மணிக்கு வேகவைத்து மூன்று மணிவரை சூடாக்கிக்கொண்டே இருக்கும் சோற்றுக்கடை மரக்கறியில் இந்தக் குணம் இல்லை. இதை இன்னும் வேடிக்கையாக்குவது ஊவாவின் மண். வெலிமடையும் ஊவா பரணகமவும் பண்டாரவளையும் நாட்டுக்கே கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் அனுப்புகின்றன. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறி லொறியாக மரக்கறி கொழும்புக்குப் போகிறது. அந்த மரக்கறி விளையும் ஊரிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருக்கும் கடையில், அது சோற்றில் தூவப்பட்ட நிறப்பொட்டாக மட்டும் வருகிறது.

பலகையிலோ மெனு அட்டையிலோ கொஞ்சம் கீழே பார்த்தால் வேறு பெயர்களும் இருக்கும். வெஜிடபிள் சொப்சி, பூண்டு போட்ட கங்குன், சிக்கன் வித் வெஜிடபிள், முட்டை கலக்கிய சூப். ரைஸ் வாங்கப் போகிறவர்கள் கண் அங்கே இறங்குவதே இல்லை. சொப்சி என்பது கோவா, கரட், லீக்ஸ், கறிமிளகாய் எல்லாம் பெரிது பெரிதாக வெட்டிக் கோன் ஃப்ளவர் கரைத்த சாற்றில் புரட்டிய பண்டம். ஒரு தட்டு சொப்சியும் ஒரு தட்டு கங்குனும் வாங்கி, அவற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சோறு எடுத்தால் அது உண்மையாகவே சத்தான சாப்பாடு. டெவல் சிக்கனும் ஹொட் பட்டர் கட்டல்ஃபிஷும் வேறு ஜாதி. மாவில் தோய்த்து எண்ணெயில் மூழ்கப் பொரித்து, மறுபடி தக்காளி சோஸிலும் சில்லி சோஸிலும் புரட்டுகிறார்கள். தக்காளி சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சீனி. டெவலின் பளபளப்பில் பாதி அதுதான். பொரிக்கும் எண்ணெய் எத்தனையாவது தடவை என்பதும் கேள்வி. இந்தியாவில் 2018-இலிருந்து, பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 வீதத்தைத் தாண்டினால் பாவிக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. நாம் அளவு கருவி கொண்டுபோக முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, வாசல்வரை கரிப்பு மணம் வந்தால் அன்றைக்குப் பொரியலை விட்டுவிடலாம். செக்கச்செவேலென்ற டெவலையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமைன்-பி கோபி மஞ்சூரியனில் அகப்பட்டதால்தான் 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடைசெய்தது. மிளகாய்த்தூளும் தக்காளியும் தரும் சிவப்பு அவ்வளவு கண்ணைப் பறிக்காது.

சைவக்காரருக்கு ஒரு வார்த்தை: வெஜிடபிள் ரைஸ் என்றாலும் அதில் ஒயிஸ்டர் சோஸ் விழலாம். அது சிப்பியிலிருந்து வருவது. விரத நாளில் கேட்டு வாங்குங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். சோற்றுக்கடையில் கறியின் உப்பும் எண்ணெயும் நாம் போவதற்கு முன்பே முடிவாகிவிட்டன. பேக்கரியின் ரோல்ஸ், வடை, பெட்டிஸ் எல்லாம் அப்படியே. சைனீஸ் தாச்சியில் மட்டும் (கொத்துக் கல்லையும் சேர்த்துக்கொள்ளலாம்) நம் தட்டு நாம் சொன்னபிறகுதான் பிறக்கிறது. சமைக்கிறவரும் இரண்டடி தூரத்தில் நிற்கிறார். உப்பு அவர் விரலில் இருக்கிறது, எண்ணெய் கரண்டியில் இருக்கிறது, சோறு கிண்ணத்தில் இருக்கிறது. மூன்றும் தாச்சியில் விழுமுன் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருக்கிறது. ஆரோக்கியமாகச் சாப்பிட எதை வாங்குவது என்பதைவிட எப்படிச் சொல்லி வாங்குவது என்பது இங்கே பெரிய கேள்வி. சோறு ஒரு கிண்ணம் குறைத்து அந்த இடத்தில் மரக்கறி இரண்டு பிடி. சோயா சோஸ் பாதி. தனி உப்பு வேண்டாம். சில்லி பேஸ்ட்டுக்குப் பதில் தேசிக்காய் ஒரு துண்டு. புளிப்பு இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. அஜினமோட்டோ ஒரு சிட்டிகை இருக்கட்டும். உப்பைக் குறைக்க அது உண்மையில் உதவும்.

அவர்கள் எங்கே கேட்கப்போகிறார்கள் என்று அலுத்துக்கொள்வோருக்கு, அஜினமோட்டோ கதையையே பதிலாகச் சொல்லலாம். இத்தனை வருடமாக அது வேண்டாமென்றால் போடாமல்தான் தருகிறார்கள். அதே காது மற்றதையும் கேட்கும். சம்பள நாள் மாலையில், தீபாவளிக்கு முந்தின இரவில், வாசலில் இருபது பேர் நிற்கும்போது கேட்டால் எரிச்சல்படுவார்கள், அது மனித சுபாவம். மற்ற நாட்களில் சிரமமில்லை. தாச்சி பிடிப்பவர் பல கடைகளில் சிங்களவராகவே இருப்பார். டவுனுக்கு வந்துபோகும் எவருக்கும் இந்தச் சிங்களம் தெரியும்: “லுணு அடுவென், தெல் அடுவென், பத் டிக்கக் அடு கரலா எலவலு வெடியென்.” உப்புக் குறைத்து, எண்ணெய் குறைத்து, சோற்றைக் கொஞ்சம் குறைத்து மரக்கறியைக் கூட்டி. வாரத்துக்கு நாலு தடவை வரும் வாடிக்கையாளர் இரண்டு முறை இப்படிக் கேட்டால் மூன்றாம் முறை அவர் முகத்தைக் கண்டதுமே அளவு மாறிவிடும்.

காசு விஷயமாக எழும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024-இல்தான் 1,350 ரூபாயாக நிர்ணயமாயிற்று. ஒரு ஃபுல் ரைஸ் அந்தக் கூலியில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அத்தனை காசு கொடுத்து, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நியாயமான கேள்வி. ஒருவர் தட்டில் சோற்றைக் குறைத்து நட்டப்படச் சொல்லவில்லை, குடும்பமாக வாங்கும்போது கணக்கை மாற்றிப் பார்க்கலாம். நாலு பேருக்கு ரைஸ் இரண்டு ஃபுல் வாங்கும் வீட்டார், ஒரு ஃபுல்லும் ஒரு வெஜிடபிள் சொப்சியும் வாங்கி, அவித்த முட்டை வீட்டிலேயே ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் செலவு கூடாது, தட்டின் முகம் மாறிவிடும். அப்படிப் பங்கிடும்போது மரக்கறியையும் முட்டையையும் முதலில் தின்று சோற்றைக் கடைசிக்கு வைப்பதிலும் பலன் உண்டு. 2015-இல் நியூயோர்க்கில் நீரிழிவு உள்ள 11 பேரிடம் பார்த்தபோது, அதே உணவை இந்த வரிசையில் சாப்பிட்ட நாளில் ஒரு மணித்தியாலத்துக்குப் பிந்திய இரத்தச் சீனி 37 வீதம் குறைவாக இருந்தது. பதினொருவர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனால் செலவில்லாத வைத்தியம், செய்துபார்ப்பதில் நட்டமில்லை.

மலையேறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறவளுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்பார்கள். அவளுக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சரிவில் நிற்கும் உடம்பு சோற்றை எரித்துவிடும். அவளுக்குக் குறைவது இரும்பும் புரதமும். குடும்பம் பார்சலை விரித்து உட்காரும்போது கோழித்துண்டு எங்கே போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நாலு துண்டில் இரண்டு அப்பாவுக்கு, ஒன்று மகனுக்கு, மிச்சம் சின்னதுக்கு. அம்மாவுக்குச் சோற்றின் அடியும் சில்லி பேஸ்ட்டும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் பெண்பிள்ளைக்கும் முதல் துண்டு போக வேண்டும் என்பதுதான் அந்த வீட்டுக்கான ஆலோசனை. சோற்றைக் குறைக்க வேண்டியவர்கள் வேறு. கடையில் உட்கார்ந்து வேலைசெய்கிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து அறையெடுத்துத் தங்கும் மாணவர், இரவுப் பணியிலிருக்கும் ஆஸ்பத்திரி ஊழியர், தோட்ட வேலையை விட்டு ஐந்தாறு வருடமான நடுவயதுக்காரர். இவர்கள் உழைப்பு மாறிவிட்டது, பசியின் பழக்கம் மாறவில்லை.

மாதத்தில் ஒருநாள் தின்பதற்கு இத்தனை விசாரணையா என்பதும் சரிதான். மாதம் ஒருமுறை, பிள்ளைகளோடு, சிரித்துக்கொண்டு சாப்பிடும் ஃப்ரைட் ரைஸால் யாருக்கும் நீரிழிவு வரப்போவதில்லை. அன்றைக்கு டெவலும் இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கெல்லாம் வாரத்தில் மூன்று நாலு இரவு அதையே தின்கிறவருக்கும், ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கும் உரியது.

மாதம் ஒருமுறை வாங்குகிறவரும் தப்பிக்க முடியாத அபாயம் ஒன்று உண்டு. பதுளையிலிருந்து லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் போகும் கடைசி பஸ்ஸில் ரைஸ் பார்சல்கள் ஏறுகின்றன. இரவு தின்றது போக மிச்சத்தை மூடிவைத்துக் காலையில் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாக இருக்கும். கொதிநீரிலும் அவை சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை பெருகி ஒரு நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு மறுபடி தாச்சியில் புரட்டினாலும் அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீனக் கடை ஃப்ரைட் ரைஸ் தின்றவர்கள் ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தியெடுத்தபோது காரணம் இதுவென்று தெரியவந்தது. நம்ம ஊர் குளிர் பிரதேசம், கெடாது என்று நம்புவது வீண். பதுளை 680 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. பண்டாரவளையின் 20 பாகைக் குளிரும் கிருமிக்குச் சுகமான வெப்பநிலையே. 5 பாகைக்குக் கீழே, அதாவது ஃப்ரிட்ஜில், வைத்தால்தான் அது அடங்கும். உதிரிச்சோறு வேண்டுமென்று கடைக்காரர் முதல்நாள் சோற்றைப் பாவிப்பதும் உண்டு. அதைத் தட்டில் பரப்பி ஆற்றி உடனே குளிரில் வைத்திருந்தால் பிழையில்லை, அண்டாவில் மூடி விடியவிடிய வைத்திருந்தால் ஆபத்து. சோறு இன்றையதா என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத லயத்தில் மிச்சத்தை வைக்காமலிருப்பதே நல்லது.

கூடவே என்ன குடிப்பது? குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும் முறை இலங்கையில் 2016-இலிருந்து இருக்கிறது. போத்தலைத் திருப்பிப் பார்த்தால் போதும். அதற்குப் பதிலாக ஒரு ப்ளேன்டீ என்பார்கள் தேயிலை நாட்டார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் கணிசமாகத் தடுக்கும். இரத்தம் குறைந்த பெண்கள் அதிகமுள்ள இடத்தில் இது பார்க்க வேண்டிய விஷயம். சாப்பாட்டோடு சுடுதண்ணீர், தேநீர் ஒரு மணித்தியாலம் கழித்து. கறிமிளகாயும் தேசிக்காயும் தட்டில் இருந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

கடைக்காரர்களிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. போத்தலுக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டும் சட்டம் லஞ்ச் ஷீட்டில் மடிக்கும் சோற்றுக்குக் கிடையாது. உணவுச் சட்டம் 1980-இலிருந்து இருந்தாலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுத்தத்தைப் பார்ப்பாரே தவிர தட்டில் சோறு எவ்வளவு, மரக்கறி எவ்வளவு என்று அளக்க மாட்டார். அதனால் இந்த மாற்றம் மெனு பலகையில்தான் வரவேண்டும். ஃபுல், ஹாஃப் என்ற இரண்டு வரிக்குக் கீழே ‘அரைச் சோறு, முழு மரக்கறி’ என்று மூன்றாவது வரி ஒன்றை எழுதி நியாயமான விலையும் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் கூச்சப்பட்டுக் கேட்கத் தேவையில்லை, தாச்சிக்காரருக்கும் ஒவ்வொரு தடவையும் அளவை மாற்றும் தலையிடி இல்லை. விளைச்சல் பெருகி வெலிமடைக் கோவாவும் கரட்டும் வாங்க ஆளில்லாமல் விலை விழும் வாரங்கள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. அந்த வாரங்களில் ஒரு கிலோ கோவா ஒரு கிலோ கீரிச்சம்பாவைவிட எத்தனையோ மலிவு. அந்த மூன்றாவது வரியில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இலாபம் முதல் இரண்டு வரியிலும் கிடைக்காது.